எழுத்துக் கூட்ட வராத புத்திசாலிகள்

சில வீடுகளில் இப்படி ஒரு பிள்ளை இருப்பான். மளிகைக் கடையில் மீதிச் சில்லறையை விரல் மடக்காமலேயே கணக்குப் பார்த்து வாங்கி வருவான். பாட்டி சொன்ன கதையை ஒரு மாதம் கழித்து ஒரு சம்பவம்கூட விட்டுப்போகாமல் திருப்பிச் சொல்வான். ஆனால் பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, "ஒரு பக்கம் வாசி, கேட்கலாம்" என்றால் போதும், உடனே தண்ணீர்த் தாகம் எடுக்கும், வயிற்றை வலிக்கும், பென்சில் சீவ வேண்டியிருக்கும். விடாப்பிடியாக உட்கார வைத்தாலோ, முதல் எழுத்தைப் பார்ப்பான். பக்கத்திலுள்ள படத்தைப் பார்ப்பான். பிறகு நம் முகத்தைப் பார்ப்பான். மூன்றையும் வைத்து ஏதோ ஒரு வார்த்தையைச் சொல்லி வைப்பான்!

"கவனம் போதவில்லை" என்பார் அப்பா. "எல்லாம் நீ கொடுக்கிற செல்லம்" என்பாள் பாட்டி. "வகுப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள், இவன் ஒருவனுக்காக நான் நிற்க முடியுமா?" என்பார் உபாத்தியாயினி. அம்மாவுக்கு மட்டும் மனம் ஆறுவதில்லை. "எல்லாம் புரிகிறதே, இது மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?" என்று அவள் தனக்குள் கேட்டுக் கொண்டே இருப்பாள்.

அம்மாவின் கேள்விதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் தேடும் வேலை சுமார் 130 வருஷங்களுக்கு முன், அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலையில் தொடங்கியது. இன்றைக்கு அந்த நாட்டில் பல சர்வகலாசாலைகளில் 'வாசிப்புக் கிளினிக்' என்ற பெயரில் ஒரு பகுதி இருக்கிறது. கிளினிக் என்றதும் மருந்து நெடியும் ஊசியும் நினைவுக்கு வருகிறதல்லவா? இங்கே அதெல்லாம் கிடையாது. சின்ன அறை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலிகள். ஒன்றில் பிள்ளை, மற்றொன்றில் அவனுக்கு மட்டுமேயான ஓர் ஆசிரியர். வைத்தியமே அவ்வளவுதான். ஆனால் அந்த மேஜையில் நடக்கிற காரியம் நாம் நினைக்கிற 'டியூஷன்' அல்ல.

1896-ஆம் வருஷத்துப் பையன்கள்

1896-ஆம் வருஷம் மார்ச்சு மாதம். பிலடெல்பியா நகரத்தில் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் லைட்னர் விட்மர் என்ற இளைஞர் மனோதத்துவப் பேராசிரியராக இருந்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை. அவரிடம் மார்கரெட் மக்வயர் என்ற பள்ளி ஆசிரியை 14 வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தாள். பையன் பேச்சில் கெட்டிக்காரன். காதால் கேட்டுக் கற்ற பாடங்களில் சோடை இல்லை. எழுதச் சொன்னால் மட்டும் ஒரு வார்த்தை உருப்படியாக வராது. 'ஸா' என்றிருக்கும் வார்த்தையை 'வாஸ்' என்று திருப்பிப் படிப்பான். மனத்தைப் பற்றிய சாஸ்திரம் என்று சொல்லிக் கொள்வது, இந்தப் பையனின் கஷ்டத்துக்குக் காரணம் கண்டுபிடித்து உதவ வேண்டாமா? இதுதான் அந்த ஆசிரியையின் எதிர்பார்ப்பு.

விட்மருக்கு இது புது அனுபவம். அதுவரை மனோதத்துவம் என்றால் ஆராய்ச்சி சாலையில் செய்கிற சோதனைகள்தான். தனி ஒரு மனிதனுக்கு உதவியாக அதைப் பயன்படுத்தியவர்கள் இல்லை. அவர் பையனை நெடுநேரம் பரிசோதித்தார். முதலில் அகப்பட்டது கண் கோளாறு. பொருள்கள் இரண்டு இரண்டாகத் தெரிந்திருக்கின்றன. பையன் அதை யாரிடமும் சொன்னதில்லை! கண்ணாடி போட்டாயிற்று. ஆனால் கண்ணாடி போட்ட பிறகும் வாசிப்பு முழுவதும் சரியாகவில்லை. எழுத்துக்களின் கூட்டம் ஒரு வார்த்தையாக அவன் நினைவில் தங்கவில்லை என்று விட்மர் கண்டார். தனியாக உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு வருஷத்தில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனாலும் மற்றவர்களைப் போல் சரளமாக வாசிக்கும் நிலையை அவன் எட்டவில்லை. ரொம்பவும் தாமதமாக வந்து சேர்ந்தவன் அவன்.

அந்தப் பையனோடு பிறந்ததுதான் உலகத்தின் முதல் மனோதத்துவக் கிளினிக். பெரிய பெரிய மனக் கோளாறுகளுக்கு இன்று வைத்தியம் செய்கிற ஒரு துறை, ஒரு பள்ளிப் பையனின் எழுத்துப் பிழையில் ஆரம்பமாயிற்று என்பது விசித்திரமான சங்கதி.

அதே 1896-இல், நவம்பர் மாதம், அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு இந்தப் பக்கம் இன்னொரு 14 வயதுப் பையனைப் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. இங்கிலாந்தின் தென்கரையில் ஸீஃபோர்டு என்ற ஊரில் இருந்த டாக்டர் பிரிங்கில் மார்கன் அதை எழுதினார். பெர்ஸி என்ற அந்தப் பையனுக்குக் கணக்கு நன்றாக வரும். எழுத்துத்தான் பிடிபடவில்லை. தன் பெயரையே 'ப்ரெஸி' என்று எழுதிவிட்டு, தப்பு என்று தெரியாமல் இருப்பான். பாடம் முழுவதையும் வாய்ப் பாடமாகவே நடத்தினால், பள்ளிக்கூடத்திலேயே இவன்தான் முதல் கெட்டிக்காரனாக இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் அபிப்பிராயம். டாக்டர் இதற்குப் 'பிறவி வார்த்தைக் குருடு' என்று பெயர் வைத்தார். இன்றைக்கு 'டிஸ்லெக்ஸியா' என்கிறோம்.

ஒருவரையொருவர் அறியாத இருவர், ஒரே வருஷத்தில், இரண்டு தேசங்களில், ஒரே முடிவுக்கு வந்தார்கள்: வாசிப்பு வராததற்கும் புத்தி குறைவுக்கும் சம்பந்தமில்லை. இந்த ஒரு வாக்கியம் நம் வீடுகளுக்குள் வந்து சேர இன்னும் முழுசாக 'பஸ்' கிடைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்!

விரலால் வாசித்த பிள்ளைகள்

அடுத்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குப் போவோம். அங்கே கலிபோர்னியா சர்வகலாசாலையில் 1921-இல் கிரேஸ் ஃபெர்னால்டு என்ற அம்மையார் ஒரு கிளினிக் பள்ளி ஆரம்பித்தார். மற்றப் பள்ளிகள் கைவிட்ட பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

வந்தவுடன் பிள்ளையிடம் புத்தகத்தைக் கொடுக்க மாட்டார். "உனக்கு எந்த வார்த்தையைக் கற்றுக்கொள்ள ஆசை?" என்று கேட்பார். பிள்ளை ஏதாவது ஒரு வார்த்தையைச் சொல்லும். ஆசிரியை அதை ஒரு நீண்ட காகிதத்தில் வண்ணக் கட்டியால் பெரிதாக எழுதிக் கொடுப்பாள். பிள்ளை தன் விரலை அந்த எழுத்தின் மேல் வைத்துத் தடவிக்கொண்டே, அந்தந்தப் பகுதியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பார்க்காமல் எழுத வரும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் தடவலாம். பிறகு காகிதத்தைத் திருப்பி வைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுத வேண்டும். பார்த்துக் 'காப்பி' அடிப்பது மட்டும் கூடவே கூடாது.

நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிக்கொண்டே சத்தமாகச் சொல்லிப் படித்த தாத்தாக்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆனால் ஃபெர்னால்டு அம்மையார் இதோடு நிற்கவில்லை. கற்ற வார்த்தைகளை வைத்துப் பிள்ளை தானே ஒரு கதை எழுத வேண்டும். அதை உடனே டைப் அடித்துக் கொடுப்பார்கள். அச்செழுத்தில் இருக்கிற தன் கதையைத் தானே வாசிக்கும் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கற்ற ஒவ்வொரு வார்த்தையும் ஒரு பெட்டியில் அகர வரிசைப்படி சேரும். நேற்றுவரை ஒன்றும் தெரியாதவன் என்று பெயர் வாங்கியவனிடம் இன்று ஒரு பெட்டி நிறைய வார்த்தைகள்!

அவர் கண்ட இன்னோர் ஆச்சரியம்: சின்ன வார்த்தையைவிடப் பெரிய வார்த்தைதான் இந்தப் பிள்ளைகளின் மனத்தில் நன்றாகப் பதிந்தது. தவிரவும், பிள்ளையின் தோல்வியைப் பற்றி அவன் எதிரில் பேசவே கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். பல வருஷ அவமானத்தை முதலில் இறக்கி வைத்தால்தான் படிப்பு உள்ளே போகும் என்பது அவர் அனுபவம். தம் முறைகளை 1943-இல் ஒரு புத்தகமாக எழுதி வெளியிட்டார்.

விரலால் தடவுவதில்தான் மந்திரம் இருக்கிறது என்று இன்றைய ஆராய்ச்சியாளர்கள் ஒப்புவதில்லை. ஆனால் ஒரு பிள்ளை எங்கே நிற்கிறானோ அங்கே போய்க் கைபிடித்து அழைத்து வர வேண்டும் என்ற கொள்கையை யாரும் மறுக்கவில்லை.

இதே காலத்தில், 1925-இல், அயோவா மாகாணத்தில் டாக்டர் ஸாமுவேல் ஆர்ட்டன் என்ற மூளை நிபுணர் ஊர் ஊராகச் செல்லும் ஒரு கிளினிக்கை நடத்திக் கொண்டிருந்தார். புத்திப் பரீட்சையில் குறைவான மார்க்கு வாங்கிய 16 வயதுப் பையன் ஒருவனை அங்கே அவர் சந்தித்தார். 'பரீட்சைதான் இவனுடைய புத்தியைச் சரியாக அளக்கவில்லை' என்று ஆர்ட்டன் தீர்மானித்தார். பின்னால் அவருடன் சேர்ந்து உழைத்த அன்னா கில்லிங்காம் என்ற ஆசிரியை, ஓர் ஒலி, அதற்குரிய எழுத்து, பிறகு அடுத்த ஒலி என்று படிப்படியாகக் கற்பிக்கும் முறையை வகுத்தார். இன்றைய கிளினிக்குகளில் பெரும்பாலும் கையாளப்படுவது இந்த வழியில் வந்த முறைதான்.

வாசிப்பு ஏன் இவ்வளவு கஷ்டம்?

பேச்சை யாரும் பிள்ளைக்குப் பாடமாக நடத்துவதில்லை. வீட்டில் நாலு பேர் பேசினால் தானே பேசிவிடுகிறது. வாசிப்பு அப்படியல்ல. அது மனிதன் செய்துகொண்ட ஏற்பாடு. சில ஆயிரம் வருஷங்களாகத்தான் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு பிள்ளையின் மூளையும் அதைப் புதிதாகப் பழகிக் கொள்ள வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தடங்கல் கண்ணில் இல்லை. காதுக்குள் விழுகிற பேச்சை ஒலி ஒலியாகப் பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது. 'கேட்' என்று ஆங்கிலத்தில் பூனையைச் சொல்கிறோம். அதில் முதல் ஒலியை எடுத்துவிட்டால் மீதி என்ன என்று கேட்டால், மற்றப் பிள்ளைகள் 'ஏட்' என்று சொல்லிவிடும். சில பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை பிரிக்க முடியாத ஒரே உருண்டையாகக் கேட்கிறது. பிரித்துக் கேட்க வராதவனால், பிரித்து எழுதியதைக் கூட்டிப் படிக்க எப்படி முடியும்? இந்தக் கஷ்டம் குடும்பத்தில் வழிவழியாக வருவதும் உண்டு. பையனைக் கோபித்துக் கொள்ளும் அப்பாவின் பழைய மார்க்குச் சீட்டை எடுத்துப் பார்த்தால் சில வீடுகளில் உண்மை வெளிப்பட்டு விடும்!

ஆங்கிலம் இந்தக் கஷ்டத்தை இரட்டிப்பாக்குகிறது. 26 எழுத்துக்களை வைத்துக்கொண்டு 40-க்கு மேற்பட்ட ஒலிகளை எழுதுகிற பாஷை அது. 'ஓ, யூ, ஜி, எச்' என்ற நான்கு எழுத்துக்கள் ஒரு வார்த்தையில் 'ஓ' என்றும், இன்னொன்றில் 'ஊ' என்றும், வேறொன்றில் 'அஃப்' என்றும் ஒலிக்கும். ஸ்காட்லாந்தில் டண்டீ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஃபிலிப் ஸீமூர், 13 ஐரோப்பிய பாஷைகளில் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளை ஒப்பிட்டு 2003-இல் முடிவை வெளியிட்டார். அடிப்படை வாசிப்பு பிடிபட, மற்றப் பாஷைக்காரர்களைவிட ஆங்கிலப் பிள்ளைகளுக்கு இரண்டு மடங்குக்கு மேல் காலம் பிடிக்கிறதாம்.

தமிழ் இந்த விஷயத்தில் தேவலை. ஆனாலும் சிரமம் இல்லாமல் இல்லை. 247 வடிவங்கள். 'கெ' என்று எழுதும்போது கண்ணில் முதலில் படுவது கொம்பு. வாயில் முதலில் வருவது 'க்'. ஒரே 'க' எழுத்து 'கல்'லில் ஒரு விதமாகவும் 'தங்க'த்தில் ஒரு விதமாகவும் ஒலிக்கிறது. நாம் பழகிவிட்டதால் நமக்கு இவை கண்ணில் படுவதில்லை.

இன்னொரு சின்னக் கணக்கும் உண்டு. 1986-இல் கஃப், டன்மர் என்ற இரண்டு நிபுணர்கள் சொன்னது. எழுத்தைக் கூட்டும் திறமையைப் பாஷை புரியும் திறமையால் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கூட்டல் அல்ல, பெருக்கல்! இரண்டில் ஒன்று பூஜ்யமானாலும் விடை பூஜ்யந்தான். நம் கதாநாயகனுக்குக் கதை கேட்டால் புரிகிறது. எழுத்துக் கூட்டத்தான் வரவில்லை. இன்னொரு பிள்ளை கடகடவென்று ஒரு பக்கத்தை ஒப்பித்துவிட்டு, அதில் என்ன இருந்தது என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கும். இருவருக்கும் ஒரே மருந்து கொடுத்தால் என்ன பயன்?

மேஜைக்கு இரு பக்கமும்

அதனால்தான் கிளினிக்கில் முதல் வேலை பாடம் அல்ல, பரிசோதனை. கண், காது சரியா என்று விசாரிப்பார்கள். பிறகு வரிசையாக வார்த்தைகளை வாசிக்கச் சொல்வார்கள். படிப்படியாகக் கடினமாகும் பத்திகளைக் கொடுப்பார்கள். பிள்ளை வாசிக்கும்போது ஆசிரியர் குறுக்கிட மாட்டார். ஒவ்வொரு பிழையையும் உள்ளபடியே குறித்துக் கொள்வார். பிழைகள்தான் அவருக்கு நாடி. பிறகு அதே தரத்தில் ஒரு பத்தியை அவரே வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்பார். காதால் கேட்டது புரிந்து, கண்ணால் படித்தது புரியவில்லை என்றால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடுகிறது.

அர்த்தமே இல்லாத வார்த்தைகளையும் கொடுப்பார்கள். தமிழில் சொல்வதானால் 'பிடம்', 'நாசூ' என்பது போல. இதென்ன கூத்து என்கிறீர்களா? தெரிந்த வார்த்தையை நினைவிலிருந்து சொல்லிவிடலாம். படத்தைப் பார்த்து ஊகித்துவிடலாம். 'பிடம்' என்பதை எழுத்துக் கூட்டினால்தான் சொல்ல முடியும். ஊகத்தில் காலம் தள்ளுகிற பிள்ளை இந்த இடத்தில் அகப்பட்டுக் கொள்வான்!

பிறகு பாடம். ஒரு வேளைப் பாடம் பெரும்பாலும் இப்படி நடக்கும். பழைய எழுத்துச் சீட்டுக்களைக் காட்டி ஒலியைச் சொல்லச் சொல்வது சில நிமிஷம். புதிதாக ஓர் எழுத்துக் கூட்டு; அதை வில்லைகளில் அடுக்கி, ஓர் எழுத்தை மாற்றினால் வார்த்தை எப்படி மாறுகிறது என்று விளையாடுவது. அந்த ஒலிகள் வரும் வார்த்தைகளைச் சொல்லச் சொல்ல எழுதுவது. கற்ற எழுத்துக்களே நிறைந்த ஒரு சிறு கதையை வாசிப்பது. வேகம் வருவதற்காக இன்னொரு முறை வாசிப்பது. கடைசியில், அவன் வயதுக்கு ஏற்ற நல்ல கதை ஒன்றை ஆசிரியர் வாசிக்க, அவன் கேட்பது. எழுத்துக் கூட்டத் தெரியாத பாவத்துக்காக அவனுடைய அறிவு பட்டினி கிடக்கக் கூடாது அல்லவா?

வகுப்பில் ஒரு பிள்ளை தப்பாகப் படித்தால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். இங்கே சிரிக்க ஆள் இல்லை. வகுப்பில் அவனுடைய முறை வருவது என்றோ ஒரு நாள். இங்கே மணி முழுவதும் அவன் முறைதான். தப்பு வந்த அந்த விநாடியிலேயே திருத்தமும் வருகிறது.

சொல்லிக் கொடுப்பவர்களில் பலர் ஆசிரியர் பயிற்சி பெறும் மாணவ மாணவிகள். அனுபவசாலியான பேராசிரியர் அவர்களை மேற்பார்வை பார்ப்பார். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கவனிக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. ஆகவே ஒரே மேஜையில் இரண்டு பேர் படிக்கிறார்கள். பிள்ளை வாசிக்கக் கற்கிறான். வருங்கால ஆசிரியை பிள்ளையை வாசிக்கக் கற்கிறாள்.

அன்பு மட்டும் போதுமா?

தனியாக உட்கார்ந்து அன்பாகச் சொல்லிக் கொடுத்தால் போதும், எல்லாம் வந்துவிடும் என்று நினைத்தால் அதுவும் தப்பு.

நியூஜிலாந்தில் ஆக்லாந்து சர்வகலாசாலையைச் சேர்ந்த மேரி கிளே அம்மையார் 1970-களில் ஒரு திட்டம் தொடங்கினார். முதல் வருஷப் படிப்பில் பின்தங்கிய ஆறு வயதுப் பிள்ளைக்குத் தினம் 30 நிமிஷம் தனிப் பாடம். 12 முதல் 20 வாரம் வரை. நல்ல பயிற்சி பெற்ற ஆசிரியைகள். 1984-இல் ஒஹாயோ ஸ்டேட் சர்வகலாசாலை வழியாக அது அமெரிக்காவுக்குப் போயிற்று. பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பரவிற்று. திட்டம் முடிந்தவுடன் பரீட்சித்தால் பிள்ளைகள் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். எல்லோரும் கொண்டாடினார்கள்.

ஆனால் 2022-இல் டெலவேர் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பிள்ளைகளை மூன்றாம், நான்காம் வகுப்புக்களில் மறுபடி பார்த்தபோது, அதே நிலையிலிருந்து தனிப் பாடம் இல்லாமல் வந்தவர்களைவிட இவர்கள் பின்தங்கியிருந்ததாகக் கண்டார்கள். ஏன்? தெரியாத வார்த்தை வந்தால் படத்தையும் வாக்கியப் போக்கையும் பார்த்து ஊகிக்கச் சொல்லிக் கொடுத்ததுதான் காரணம் என்கிறார்கள் சிலர். சின்ன வகுப்பில் பக்கத்துக்குப் பக்கம் படம் இருக்கும், ஊகம் பலிக்கும். பெரிய வகுப்பில் படம் மறைந்துவிடுகிறது! திட்டத்தின் ஆதரவாளர்கள் இந்த ஆராய்ச்சியை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அது பிறந்த நியூஜிலாந்திலேயே, 2025 முதல் எழுத்தையும் ஒலியையும் படிப்படியாகக் கற்பிக்கும் முறையை எல்லா அரசாங்கப் பள்ளிகளிலும் கட்டாயமாக்கிவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறாக இன்னொரு கதை உண்டு. கானி ஜூவல் என்ற அமெரிக்கப் பேராசிரியை, சர்வகலாசாலையின் விளையாட்டு வீரர்களைப் பிடித்து, வாசிப்பில் பின்தங்கிய முதல் வகுப்புக் குழந்தைகளுக்குத் தனித்தனியே சொல்லிக் கொடுக்கச் செய்தார். அந்த வீரர்களில் பலருக்கே வாசிப்பு சுமார்தான்! ஆஜானுபாகுவான பந்தாட்டக்காரன், ஆறு வயதுக் குழந்தையின் பக்கத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுத்துக் கூட்டுகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். குழந்தைகள் முன்னேறினார்கள், வீரர்களின் வாசிப்பும் முன்னேறிற்று. அவர்களுக்குள் யாருடைய குழந்தைகள் அதிகம் முன்னேறினார்கள் என்று ஜூவல் பின்னர் ஆராய்ந்தார். அன்பு எல்லோரிடமும் இருந்தது. அதோடு எழுத்தையும் ஒலியையும் நேராகச் சொல்லிக் கொடுத்து, படிப்படியாக அமைந்த புத்தகங்களை வாசிக்கச் செய்தவர்களே அதிகம் ஜயித்தார்கள்.

காத்திருக்கலாமா?

"சின்னப் பிள்ளைதானே, போகப் போகச் சரியாகிவிடும்" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஆறுதல். இதே ஜூவல் அம்மையார் டெக்ஸாஸில் 54 குழந்தைகளை முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை தொடர்ந்து கவனித்து, 1988-இல் ஒரு கணக்கு வெளியிட்டார். முதல் வகுப்பு முடிவில் வாசிப்பில் பின்தங்கிய குழந்தை, நான்காம் வகுப்பு முடிவிலும் பின்தங்கியே இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 88! வாசிக்க வருகிறவன் நிறைய வாசிக்கிறான். அதனால் இன்னும் நன்றாக வருகிறது. வராதவன் புத்தகத்தைத் தவிர்க்கிறான். அதனால் இன்னும் வராமல் போகிறது. கடன்காரன் வட்டி மாதிரி இது ஏறிக்கொண்டே போகும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. யேல் சர்வகலாசாலையில் ஸாலி ஷேவிட்ஸ் என்ற டாக்டரம்மாளும் அவர் குழுவினரும், ஆறிலிருந்து ஒன்பது வயதுக்குட்பட்ட, வாசிக்கச் சிரமப்பட்ட பிள்ளைகளுக்குத் தினம் 50 நிமிஷம் வீதம் எட்டு மாதம் தனிப் பாடம் நடத்த ஏற்பாடு செய்தார்கள். எழுத்து, ஒலி, கதை எல்லாம் கலந்த பாடம். முன்னும் பின்னும் மூளையைப் படம் பிடித்தார்கள். சரளமாக வாசிப்பவர்களுக்கு இடப்பக்க மூளையில் வேலை செய்கிற பகுதிகள், இந்தப் பிள்ளைகளிடமும் விழித்துக் கொண்டிருந்தன. பாடம் நின்று ஒரு வருஷம் கழித்தும் அந்த மாறுதல் தெரிந்தது. இது வெளிவந்தது 2004-இல். 1896-இல் விட்மருக்கு இப்படி ஒரு படம் கிடைத்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

நம் நாட்டில் சர்வகலாசாலைதோறும் இப்படிக் கிளினிக் இல்லைதான். ஆனால் வழியே இல்லை என்று கைவிட வேண்டியதில்லை. சென்னையில் 1990-களின் தொடக்கத்திலேயே, இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர்கள் கூடி மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கத்தை ஏற்படுத்தி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். 2016-ஆம் வருஷத்து மத்திய சட்டம் இந்தக் கற்றல் குறைபாட்டையும் அங்கீகரித்திருக்கிறது. முறைப்படி பரிசோதித்துச் சான்றிதழ் பெற்றவர்களுக்குப் பரீட்சையில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகள் உண்டு. இரண்டாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டத் தடுமாறினால், கண்ணையும் காதையும் சோதித்துவிட்டு, பயிற்சி பெற்ற சிறப்பு ஆசிரியரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

வீட்டில் தினம் கால் மணி நேரம் போதும். சேர்ந்தாற்போல் ஒரு மணி உட்கார வைத்து இருவரும் அழுவதில் லாபமில்லை. அவனுக்குப் பெரும்பாலும் வாசிக்க வருகிற புத்தகமாக இருக்கட்டும். ஒரு வார்த்தையில் நின்றால் உடனே நீங்கள் சொல்லிவிடாதீர்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். பிறகு வார்த்தையை விரலால் மூடி, ஒவ்வோர் எழுத்தாகத் திறந்து காட்டுங்கள். தப்பாகப் படித்ததை நூறு தடவை எழுதச் சொல்லும் தண்டனையை மட்டும் விட்டுவிடுங்கள். அது கையை வலிக்கச் செய்யுமே தவிர, காதைத் திறக்காது. அக்காவின் மார்க்கையும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கையும் அந்தக் கால் மணி நேரத்துக்குள் கொண்டு வரவேண்டாம். முடிவில் அவனுக்குப் பிடித்த கதை ஒன்றை நீங்கள் வாசியுங்கள். பத்து வயதானாலும் அதற்கு வெட்கமில்லை.

முக்கியமாக ஒன்று. இத்தனை நாள் "ஏன் படிக்க மாட்டேன் என்கிறாய்?" என்று கேட்டிருப்போம். அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் கிடையாது, அவனுக்கே தெரியாது. இன்று மாலை புத்தகத்தைத் திறந்ததும், "எந்த இடத்தில் கஷ்டமாக இருக்கிறது, காட்டு, பார்ப்போம்" என்று கேளுங்கள். அவன் விரல் வைத்துக் காட்டுகிற இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.